கிளிப் போட எவ்வளவு ஆகும், டாக்டர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பிள்ளையின் பல்லுக்குக் கிளிப் போடச் சொல்கிறார்கள், பணத்துக்கு எங்கே போவது? அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்போது கும்பகோணத்தில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இது தினமும் காதில் விழும் கேள்வி. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கு மட்டும் இந்தத் தடவை பதில் சொல்கிறேன்.

*

"நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை பார்க்கிறோம். மகளுக்கு 12 வயது. மேல் பல் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். இங்கே ஒரு கிளினிக்கில் 45,000 ரூபாய் கேட்டார்கள். கோயம்புத்தூரில் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் குறைச்சலாக முடியும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். போகலாமா?"

உங்கள் மகளுக்கு இது அழகுக்காகச் செய்யும் செலவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணமாக மேல் முன்பல், கீழ்ப் பல்லைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் முன்னால் இருக்கும். நாங்கள் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்ப்போம். அந்த இடைவெளி 6 மில்லிமீட்டரைத் தாண்டினால், கீழே விழுந்தாலும் பஸ் கம்பியில் மோதினாலும் முதலில் உடைவது அந்த முன்பல்தான். உதடு அதை மூடிக் காப்பாற்றாது. உடைந்தால் வேர் சிகிச்சை, அதற்கு மேல் கேப், அந்த கேப்பைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை மாற்றுவது என்று வாழ்நாள் முழுக்கச் செலவு இழுக்கும். அதனால் இந்தப் பணத்தைச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். எப்படிச் செலவழிப்பது என்று மட்டும் யோசிப்போம்.

கிளினிக்கில் கேட்ட 45,000 ரூபாயில் உலோகக் கிளிப்பின் விலை சிறு பங்குதான். எக்ஸ்ரே, பல்லின் அச்சு, மாதா மாதம் கம்பி மாற்றி முறுக்குவது, கடைசியில் பல் பழைய இடத்துக்கே திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் ரிட்டெய்னர் எல்லாம் அதில் அடங்கும். எல்லாவற்றையும்விட அதிகம், இரண்டு வருடம் டாக்டர் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கான கூலி. கல்லூரிகளில் குறைவாக வாங்குவதும் இதனால்தான். அங்கே பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, பல் சீரமைப்புக்கென்றே மூன்று வருட மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. மாணவர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். பேராசிரியர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் ஒவ்வொரு படியையும் இரண்டு பேர் பார்ப்பார்கள். தரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாதம் ஒரு தடவை வீதம் இரண்டு வருடத்தில் 24 தடவை போக வேண்டும். நீங்கள் பீஸ் ரேட்டில் தைப்பவர் என்றால், ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அதை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்குப் போக வர பஸ், ஒரு டீ, எல்லாம் சேர்த்து 200. ஆக ஒரு தடவைக்கு 800, மொத்தம் 19,200. கல்லூரியில் 20,000 கேட்கிறார்கள் என்றே வையுங்கள், இதையும் சேர்த்தால் 39,200 ஆகிவிடுகிறது. திருப்பூர் கிளினிக்கில் வேலை விட்டு வந்த பிறகு சாயங்காலமோ, ஞாயிற்றுக்கிழமையோ காட்ட முடியும் என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் 6,000 ரூபாய்கூட இல்லை. மகளுக்குப் பள்ளியும் கெடாது.

இதே கணக்கு, வீட்டில் வேலைக்குப் போகாத பாட்டியோ சித்தியோ இருந்து அவர்கள் கூட்டிப் போனால் தலைகீழாகிவிடும். கூலி நட்டம் இல்லை, வெறும் 4,800 ரூபாய் வழிச் செலவுதான். அப்போது கல்லூரிக்கே போங்கள். சனிக்கிழமை ஓ.பி. இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: "மகளுக்குப் பார்க்கிற டாக்டர் படிப்பை முடித்துப் போய்விட்டால், அப்புறம் யார் பார்ப்பார்கள்?" முதல் வருட மாணவரிடம் சேர்ந்தால் பெரும்பாலும் அவரே முடித்துக் கொடுப்பார். மூன்றாம் வருடத்தில் இருப்பவரிடம் ஆரம்பித்தால் கை மாறும், கை மாறினால் நாள் கூடும்.

கிளினிக் என்று முடிவு செய்தால், தவணை கேட்கக் கூச்சப்படாதீர்கள். மாட்டும்போது 15,000, அப்புறம் ஒவ்வொரு தடவையும் 1,500 என்று 20 மாதம் கொடுத்தால் 45,000 வந்துவிடுகிறது. சின்ன ஊர் கிளினிக்குகள் பலவும் இப்படித்தான் ஓடுகின்றன, என்னுடையதும்தான். மேலே சொன்ன எக்ஸ்ரே, அச்சு, ரிட்டெய்னர் எல்லாம் அந்தத் தொகைக்குள் வருகிறதா, கிளிப் கழன்று விழுந்தால் தனியாகப் பணமா என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'வட்டியில்லாத ஈ.எம்.ஐ.' என்று ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் ஃபாரத்தை நீட்டினால் யோசியுங்கள். கம்பெனி முழுப் பணத்தையும் முதல் நாளே கிளினிக்குக்குக் கொடுத்துவிடும். நடுவில் நீங்கள் ஊர் மாறினாலும், கிளினிக்கையே மூடினாலும், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். டாக்டருக்கு நேராகக் கொடுக்கும் தவணையில் அந்தச் சிக்கல் இல்லை. வாரக் கடன், குழுக் கடன் இரண்டையும் இதற்காக வாங்கவே வேண்டாம். சீட்டு எடுக்கிற வரை மூன்று நான்கு மாதம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் மூன்று நான்கு வருடம் தள்ளக் கூடாது. கீழ்த்தாடை பின்னால் இருப்பதால் மேல் பல் தூக்கித் தெரிகிறது என்றால், தாடை வளர்கிற இந்த வயதில்தான் ஆபரேஷன் இல்லாமல் அதை முன்னால் கொண்டுவர முடியும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வளர்ச்சி சீக்கிரமே முடிந்துவிடும். இப்போதே ஒரு டாக்டரிடம் காட்டி, எவ்வளவு மாதம் பொறுக்கலாம் என்று கேட்டு வையுங்கள்.

*

"வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். பையனுக்கு 13 வயது, பல் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் பார்ப்பார்களா?"

பார்ப்பார்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பல் சீரமைப்புக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ஆதாரும் ரேஷன் கார்டும் கையில் இருக்கட்டும். கூட்டம் அதிகம், உடனே மாட்டிவிட மாட்டார்கள், பெயரை எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் பையனுக்குச் சொத்தைப் பல் இருந்தால் அங்கேயே அடைத்துவிடுங்கள், ஈறைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அது முடியாமல் எந்த டாக்டரும் கிளிப் மாட்ட மாட்டார்.

பெயர் எழுதிக்கொண்டார்கள், கூப்பிடவில்லை என்று விட்டுவிடாதீர்கள். சவாரி இல்லாத ஒரு காலையில் நீங்களே போய்க் கேளுங்கள். அரசாங்க இடத்தில் விடாமல் வந்து நிற்கிற பெற்றோரைத்தான் எங்களுக்கு அதிகம் பிடிக்கும். பாதியில் நிறுத்த மாட்டார்கள் என்று தெரியும்.

*

"நான் திருச்சியில் வங்கி அதிகாரி. பணம் பிரச்சினை இல்லை. ஒன்பது வயது மகளுக்கு இரண்டு முன்பல்லுக்கு நடுவே பெரிய இடைவெளி. உடனே ஆரம்பித்தால் 60,000, தள்ளிப் போட்டால் கூடும் என்கிறார்கள். கட்டிவிடலாமா?"

கட்டாதீர்கள், அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

எட்டு ஒன்பது வயதில் முன்பல் விசிறிபோல விரிந்து, நடுவில் இடைவெளியோடு நிற்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்டு. மேலே ஈறுக்குள் கோரைப்பல் இறங்கி வரும்போது, பக்கத்துப் பல்லின் வேரை அழுத்துவதால் வருவது இது. கோரைப்பல் 11, 12 வயதில் வெளியே வந்ததும், அந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். எங்கள் பாடப் புத்தகங்களில் 1930-களிலேயே பதிவான விஷயம். ஐந்து பைசா செலவில்லாமல் சரியாகப் போவதற்கு 60,000 ரூபாய் எதற்கு?

சில பிள்ளைகளுக்கு மேல் உதட்டின் உள்ளேயிருக்கும் சதை நாண் தடிமனாகப் பல்லுக்கு நடுவே இறங்கியிருக்கும், அல்லது அங்கே ஒரு உபரிப் பல் புதைந்திருக்கும். சதை நாண் உதட்டைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். புதைந்த பல் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும், சில நூறு ரூபாய்தான். அப்புறம் பத்து வயதில் ஒரு டாக்டர் விரலால் ஈறைத் தடவி, கோரைப்பல் இரண்டு பக்கமும் தட்டுப்படுகிறதா என்று பார்க்கட்டும். தட்டுப்படாவிட்டால்தான் அடுத்த யோசனை.

ஒன்பது வயதிலேயே கைவைக்க வேண்டியவையும் உண்டு. மேல் வரிசை கீழ் வரிசைக்கு உள்ளே போய்க் கடிப்பது, விரல் சூப்பியதால், கடித்தாலும் மேல் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்தே நிற்பது, முன்பல் மிகவும் துருத்தி அடிபடும் நிலையில் இருப்பது. உங்கள் மகளுக்கு இவை எதுவும் இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால், அவளுடைய பால் பற்களில் சொத்தை இருக்கிறதா என்று பாருங்கள். 'விழப் போகிற பல்தானே' என்று பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்து, அடியில் வர வேண்டிய பல்லுக்கு வழியில்லாமல் போகும். என்னிடம் கிளிப்புக்கு வரும் நெருக்கமான பல்வரிசைகளில் எத்தனையோ இப்படி ஆரம்பித்தவைதான். அடைத்துவிட்டால் போதும். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், அந்த இடத்தைப் பிடித்து வைக்க ஒரு சின்ன வளையம் மாட்டுவார்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம், பின்னால் வரும் பெரிய செலவைத் தடுக்கும். எந்த வருமானக்காரருக்கும் இது பொருந்தும்.

*

"ஆலங்குடி பக்கம் விவசாயம். மகள் 14, இரண்டு பல் லேசாகக் கோணல். மகன் 12, மேல் பல் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் போய்க் கடிக்கிறது. கடலை விற்ற பணத்தில் ஒருவருக்குத்தான் போட முடியும். கட்டிக் கொடுக்க வேண்டிய பெண், அவளுக்குத்தான் முதலில் என்கிறார் என் அம்மா."

இங்கிலாந்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு செலவிலேயே கிளிப் போடுகிறார்கள், ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை. கோளாறை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 4, 5 என்றால் உறுதி. 3 என்றால் தோற்றம் எவ்வளவு பாதிக்கிறது என்று பார்ப்பார்கள். 1, 2 என்றால் சொந்தச் செலவு. கையில் இருப்பதைப் பங்கிட வேண்டிய எந்த வீட்டுக்கும் இது நல்ல வழி. ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா என்பது அதில் வருவதில்லை.

உங்கள் வீட்டில் மகனுக்குத்தான் முதலில். மேல் பல் உள்ளே போய்க் கடித்தால் பல் தேயும், கீழ்ப் பல்லின் ஈறு இறங்கும். கீழ்த்தாடையும் நீண்டுகொண்டே போனால் வளர்ந்த பிறகு அறுவை சிகிச்சைதான் வழி. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கீழ்த்தாடை நீண்டு இருந்தால், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இது வழிவழியாக வருவது. மகளுக்கு இருப்பது லேசான கோணல். 20 வயதிலும் சரி, 30 வயதிலும் சரி, ஈறு நன்றாக இருந்தால் கிளிப் போடலாம். நிலைமை மாறி அவளுக்கு இந்தக் கடி இருந்திருந்தால் அவளுக்கு முதலில் என்று எழுதியிருப்பேன்.

பாட்டியிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பல்லைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். அந்தக் கோணல் அவளுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று அவளையே கேளுங்கள். இருந்தால் அடுத்த மகசூலில் பார்க்கலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். புதுக்கோட்டையிலேயே 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். தனியாரிடம் போகும் முன் இரண்டு பிள்ளைகளையும் அங்கே காட்டிவிடுங்கள்.

*

"விழுப்புரம் பக்கத்துக் கிராமம். நான் கூலி வேலை செய்கிறேன். மகன் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தான். குழந்தையிலேயே இலவசமாக ஆபரேஷன் செய்தார்கள். இப்போது எட்டு வயது. பல் தாறுமாறாக முளைக்கிறது. கிளிப் போட வேண்டும் என்றார்கள், பணத்தைக் கேட்டுப் பயந்து வந்துவிட்டேன்."

சகோதரி, பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சரியான வயதில்தான் கேட்டிருக்கிறீர்கள். பிளவுள்ள பிள்ளைகளுக்கு, பல் இருக்கும் எலும்பிலும் ஒரு இடைவெளி இருக்கும். கோரைப்பல் இறங்குவதற்கு முன், ஏறக்குறைய 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து அங்கே வைப்பார்கள். அதற்கு முன் மேல் தாடையைக் கம்பியால் விரிக்க வேண்டியிருக்கும். உங்களிடம் சொன்ன கிளிப் பெரும்பாலும் அதுதான். சாப்பிடவும் தெளிவாகப் பேசவும் இது வேண்டும்.

இதற்கு உங்கள் கைப்பணம் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. முதலில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே பழைய சீட்டோடு போங்கள். 'ஸ்மைல் டிரெயின்' போன்ற அமைப்பின் உதவியில் நடந்த ஆபரேஷன் என்றால், அடுத்தடுத்த சிகிச்சைகளுக்கும் பல மையங்களில் உதவி உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். 2013-இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்திலும் உதடு, அண்ணப் பிளவு சேர்ந்திருக்கிறது, 18 வயது வரை. பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவிடம் தலைமையாசிரியர் மூலம் பெயரைக் கொடுங்கள். அவர்கள் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் இருக்கும் இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். பையனை இந்த மாதத்திலேயே கூட்டிப் போங்கள். பணத்தைச் சேர்த்துக்கொண்டு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

*

"ஓ.எம்.ஆரில் இருவரும் ஐ.டி. மகனுக்கு 15. உலோகக் கிளிப் 50,000, வெளியே தெரியாத அலைனர் இரண்டு லட்சம். அவன் வகுப்பில் பலரும் அலைனர்தான். அதுதான் நல்லதா?"

நல்லது என்பதைவிட அது வேறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைனர் என்பது பல்வரிசையின் மேல் மாட்டிக் கழற்றும் தெளிவான பிளாஸ்டிக் உறை. அது ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றி, பல் துலக்கி, திரும்பப் போட வேண்டும். பள்ளி கேன்டீனில் டிஷ்யூவில் சுற்றி வைத்துக் குப்பையோடு போட்டுவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகன் தன் கண்ணாடியையும் சாவியையும் தொலைக்காமல் வைத்திருப்பவன் என்றால் யோசிக்கலாம். பல் பிடுங்கி இடம் உண்டாக்க வேண்டிய அளவுக்கு நெருக்கம் என்றால், என் கணிப்பில் உலோகக் கிளிப்பே நிச்சயமானது. நேரில் டாக்டரே பார்க்காமல், வீட்டுக்குக் கூரியரில் வரும் அலைனர் எதையும் வாங்காதீர்கள். அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

*

"நான் வீட்டு வேலை செய்கிறேன். மகளுக்குக் கிளிப் போட்டு எட்டு மாதம் ஒழுங்காகப் பணம் கட்டினேன். அப்புறம் அவள் அப்பா படுத்துவிட்டார். பாக்கி இருக்கிறதே என்ற கூச்சத்தில் ஒரு வருடமாக டாக்டரிடம் போகவில்லை. கிளிப் அப்படியே இருக்கிறது."

நாளைக்கே போங்கள், அம்மா. யாரும் பார்க்காமல் வாயில் கிடக்கும் கிளிப்பைப் போல பல்லைக் கெடுப்பது எதுவுமில்லை. கம்பியைச் சுற்றி அழுக்கு சேர்ந்து, கிளிப்பைக் கழற்றும்போது அதன் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு தெரியும். சொத்தையின் ஆரம்பம் அதுதான். பல் தப்பான திசையில் நகர்ந்துகொண்டும் இருக்கலாம்.

பாக்கி இருப்பதால் திட்டுவார் என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலான டாக்டர்கள் திட்ட மாட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்கள், வராமல் போன பிள்ளையை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள்தான். வீட்டு நிலைமையைச் சொல்லி, மாதம் 500 தர முடியும் என்றால் 500 என்றே சொல்லுங்கள். ஒத்துவராவிட்டால், எடுத்த எக்ஸ்ரே, அச்சு, சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். பாதியில் நின்ற கேஸை எடுப்பார்களா என்று அங்கே கேளுங்கள்.

எங்குமே தொடர முடியாது என்றால், இப்போதைக்குக் கழற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றுவது பெரிய செலவில்லை. எட்டு மாதத்தில் கிடைத்த அளவாவது நிற்கட்டும். கழற்றுகிற அன்றைக்கே ரிட்டெய்னருக்கு அளவு எடுத்துவிடுங்கள், ஒரு வாரம் கழித்து வருகிறோம் என்று வந்துவிடாதீர்கள். அந்த ஒரு வாரத்திலேயே பல் நகர ஆரம்பித்துவிடும்.